ஞாயிற்றுக்கிழமைக்குள் நிற்க வேண்டிய சத்தம்

"டொக்" என்றது சைக்கிள்.

அவள் பிரேக்கைப் பிடித்து இறங்கினாள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை இரண்டு கைகளாலும் அழுத்தினாள். உள்ளே இருந்த ஸ்பிரிங் ஒழுங்காக அமுங்கியது, ஒழுங்காக எழும்பியது. சத்தமே இல்லை. ஏறி மிதித்தாள். அடுத்த பள்ளத்தில், "டொக்."

"வேணும்னே பண்றியா நீ?"

எதிரே வந்தவர் தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து ஓரமாக ஒதுங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சைக்கிள் குழு மலைப்பாதையில் இறங்குகிறது. போன தடவை சின்னவனுக்குக் காய்ச்சல். அதற்கு முந்தின தடவை மாமனாருக்குக் கண் ஆபரேஷன். இந்தத் தடவை யாருக்கும் எதுவும் வரக்கூடாது என்று வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லியாகிவிட்டது. யாருக்கும் எதுவும் வரவில்லை. சைக்கிளுக்கு வந்துவிட்டது.

"ஃபோர்க்ல சத்தம் வருது" என்றார் அன்று மாலைப் பயிற்சியில் குழுவின் கேப்டன். "இதோட உங்களைச் சரிவுல இறக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில நானே ஓட்டிப் பார்ப்பேன். சத்தம் வந்தா நீங்க கீழ நின்னு எல்லாருக்கும் தண்ணி குடுங்க."

தண்ணி குடுப்பதாம். அவள் வீடு வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே மிதித்தாள்.

வீட்டில் எல்லாம் வழக்கம்போல இருந்தது. பெரியவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சின்னவன் முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தான். மாமனார் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கணவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். அவள் ஹாலில் பழைய பேப்பரை விரித்து சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினாள்.

"என்னங்க, ஸ்க்ரூ டிரைவர் எங்க?"

"நீ வெச்ச இடத்துலதான் இருக்கும்."

"வெச்ச இடத்துல இருந்தா உங்களை எதுக்குக் கேக்கறேன்?"

அவன் துணியோடு எழுந்து போய்த் தேடினான்.

அவள் முன்பக்க மட்கார்டைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஃபோர்க்கின் இரண்டு தண்டுகளிலும் எண்ணெய் விட்டாள். மட்கார்டைத் திரும்ப மாட்டி, கை வலிக்க இறுக்கினாள். தெருவில் ஒரு சுற்று சுற்றினாள். சத்தம் போயே போய்விட்டது.

மறுநாள் காலை தெருமுனையில், "டொக்." கூடவே, வழிந்த எண்ணெய் பிரேக் தட்டில் பட்டிருந்ததால், நிறுத்தும்போது "க்ரீச்."

அவள் பெயிண்ட் கம்பெனி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். எண்ணெய்க்கு எது எமன் என்று அவளுக்குத் தெரியும். அன்று மாலை ஒரு சின்ன பாட்டிலில் கரைப்பான் கொண்டுவந்து, மட்கார்டைக் கழற்றிவிட்டு ஃபோர்க், பிரேக் தட்டு எல்லாவற்றையும் துடைத்து, மட்கார்டைத் திரும்ப மாட்டினாள். எண்ணெய் போனது. எண்ணெயோடு ஃபோர்க்கின் நீலப் பெயிண்டும் போனது. அவள் கம்பெனியின் கரைப்பானுக்கு அந்த விஷயத்தில் நல்ல பெயர்.

"பரவால்லம்மா, நல்லாத்தான் இருக்கு" என்றாள் பெரியவள்.

"எது நல்லா இருக்கு? சொரி பிடிச்ச மாதிரி இருக்கு. போய்ப் படி."

ஆனால் சத்தம் இல்லை. தெருவில் ஒன்றுக்கு இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள்.

காலையில், "டொக்." சாயங்காலத்துக்குள் கரைப்பான் பட்ட ரப்பர் வளையங்கள் உப்பி, ஃபோர்க்கின் உள்ளிருந்த எண்ணெயும் வெளியே வர ஆரம்பித்திருந்தது.

சாப்பிடும்போது கணவன் மெல்ல ஆரம்பித்தான். "சத்தம்தானே? இருந்துட்டுப் போகட்டுமே. கேக்க ஒண்ணும் மோசமா இல்ல."

"ஆமாம்மா" என்றார் மாமனார். "சத்தம் இருக்கறது ஒரு வகையில பாதுகாப்பு. எதிர்ல வர்றவங்களுக்குத் தெரியும்."

"அது ரயிலுக்கு மாமா. நான் சைக்கிள் ஓட்டறேன்."

சின்னவன் ரசித்து மென்றுகொண்டிருந்தவன், சத்தம் வராமல் மெல்ல ஆரம்பித்தான்.

அன்று அவள் ஃபோர்க்கையே பிரித்தாள். புது ரப்பர் வளையம் போட்டு, எண்ணெய் மாற்றி, எல்லாவற்றையும் பூட்டி முடித்தபோது பேப்பர்மேல் ஒரு வாஷர் மிச்சம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. திரும்பப் பிரித்தாள். திரும்பப் பூட்டினாள். இப்போது இரண்டு வாஷர்கள் மிச்சம்.

"கடையில குடுத்திடலாமா?" என்று கணவன் கேட்டான்.

"என்னால முடியாதுன்னு சொல்றீங்களா?"

"இல்ல இல்ல. கடைக்காரனுக்கும் பொழைப்பு நடக்கணும் இல்ல, அதுக்காகச் சொன்னேன்."

மறுநாள் சாயங்காலம் கடையில் மெக்கானிக் சைக்கிளைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"ஃபோர்க்கை யாரு மேடம் பிரிச்சது?"

"நான்தான்."

"ஏன்?"

"சத்தம் வந்தது."

"சத்தம் ஏன் வந்ததுன்னு யோசிச்சீங்களா?"

"நீங்க ரிப்பேர் கடைதானே வெச்சிருக்கீங்க, தத்துவ வகுப்பு இல்லையே?"

அவர் மட்கார்டைக் கழற்றி, ஃபோர்க்கைப் பிரித்து, மிச்சமிருந்த இரண்டு வாஷர்களையும் உள்ளே அனுப்பி, மட்கார்டைப் பூட்டித் தந்தார். "இனிமே இது வாயே திறக்காது. என் கைபட்ட ஃபோர்க் திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல."

வெள்ளிக்கிழமை ராத்திரி வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை காலை, தெருமுனை தாண்டுவதற்குள், "டொக், டொக், டொக்." முன்னெப்போதையும்விட உரக்க.

அலுவலகத்து சைக்கிள் நிறுத்துமிடத்திலிருந்தே அவள் மெக்கானிக்கை போனில் பிடித்தாள். "உங்க சரித்திரத்தைத் திருத்தி எழுதுங்க. வாயைத் திறந்திடுச்சு." அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "ஒண்ணும் பேசாதீங்க. நாளைக்கு மலை. நான் அடிவாரத்துல கேனைப் பிடிச்சுட்டு நிக்கப்போறேன். உங்களுக்கும் ஒரு டம்ளர் தர்றேன், வாங்க." போனை வைத்துவிட்டு, இருந்த ஆத்திரத்தில் முன்சக்கரத்தை ஓங்கி ஓர் உதை விட்டாள்.

"டொக்" என்றது மட்கார்டு.

அவள் குனிந்தாள். விரலால் தொட்டாள். ஆடுகிற பல்லைப் போல மட்கார்டு ஆடியது. ஃபோர்க்கின் அடியில் அதைப் பிடித்திருந்த திருகாணி நான்கு சுற்றுத் தளர்ந்திருந்தது.

ஃபோர்க்கில் ஒன்றுமே இல்லை. ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் இருந்திருக்கவில்லை. எண்ணெய், கரைப்பான், போன பெயிண்ட், இரண்டு வாஷர்கள், ஒரு மெக்கானிக், எல்லாம் இந்த ஒரு முழம் பிளாஸ்டிக்குக்காக. அவள் அதைப் பிய்த்தெடுத்து, இரண்டாக உடைத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, எடுத்து நான்காக உடைத்துப் போட்டாள்.

மாலையில் சைக்கிள் பட்டுப்போல வந்தது. வேண்டுமென்றே எல்லாப் பள்ளத்திலும் இறக்கினாள். வேகத்தடைமேல் விட்டாள். நடைபாதைப் படிகளில் குதித்தாள். ஒரு முனகல்கூட இல்லை. இந்த வாரத்தில் முதல்முறையாக அவளுக்கு யார்மேலும் கோபம் இல்லை. மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அந்த நொடி கடந்ததும் வீடு வந்துவிட்டது.

வாசலில் இறங்கும்போதே உள்ளே பெரிய சிரிப்பு கேட்டது. வேறு யாருடைய வீட்டுக்கோ வந்துவிட்டோமோ என்று நினைத்துக் கதவு எண்ணைப் பார்த்தாள். பிறகு கதவைத் தள்ளினாள்.

டிவி அலறிக்கொண்டிருந்தது. பெரியவள் சாப்பாட்டு மேசைமேல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். சின்னவன் தரையில் உருண்டுகொண்டிருந்தான். மாடிவீட்டு அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நடு ஹாலில் அவளுடைய கணவன், வடிதட்டை ஹெல்மெட்டாகக் கவிழ்த்துக்கொண்டு, இடுப்பில் ஒரு கையும் காதில் ஒரு செருப்புமாக, "ஒண்ணும் பேசாதீங்க! எனக்குக் கோபமே வராது! வந்தா நீங்க தாங்க மாட்டீங்க!" என்று செருப்பிடம் கத்திக்கொண்டிருந்தான்.

அவளைப் பார்த்ததும் அவன் வாய் திறந்தபடியே நின்றது. மாடிவீட்டு அக்கா எழுந்து நின்றாள். பெரியவள் மேசையிலிருந்து இறங்கினாள். சின்னவன் உருள்வதை நிறுத்தி, படுத்தபடியே கைக்கு எட்டிய புத்தகத்தை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த மாமனார் மட்டும் இன்னும் தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா நிறுத்திட்டே, நீ பாட்டுக்கு நடி! இன்னிக்கு என் முறை, திருகாணியை நேத்துவரைக்கும் நீங்க பண்ண மாதிரி இல்லாம நாலு சுத்துத் தளர்த்தி விட்டிருக்கேன். அவ தெருமுனைக்கு வரும்போதே நமக்குக் கேட்டுடும், காலையில அவ மலைக்குப் போறதுக்குள்ள இறுக்கிவிட்டாப் போச்சு!"