ஜாடிக்கு முதுகு காட்டியவர்கள்

"காட்டாதீங்க சார், காட்டாதீங்க!" என்று மதிப்பீட்டுக் குழுத் தலைவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். சீன மிங் வம்சக் காலத்து நீலப்பூ ஜாடியை நோக்கி நீண்ட அருங்காட்சியகக் காப்பாளரின் கை அந்தரத்திலேயே நின்றது.

"மதிப்பிட வந்திருக்கோம். பொருளைப் பாத்தா மனசு சாஞ்சிடும். அப்புறம் நடுநிலைக்கு எங்க போறது?"

"பாக்காம எப்படி சார் மதிப்பிடுவீங்க?"

"பாக்கறவங்களைப் பாத்து," என்றார் குழுவிலிருந்த புள்ளிவிவர நிபுணர் அம்மா. "ஜனங்க எவ்வளவு நேரம் நின்னு பாக்கறாங்கன்னு அளப்போம். இப்போ எல்லா இடத்துலயும் இதுதான்."

காப்பாளர் நீட்டிய கையை இறக்கிக்கொண்டார். மதிப்பெண் குறைந்தால் சீனப் பீங்கான்கள் மறுபடியும் நிலவறைக்குப் போகும், கூடம் செல்ஃபி மண்டபமாகும் என்று மேலிடம் தெரிவித்திருந்தது. அவற்றை மேலே கொண்டுவருவதிலேயே அவருடைய பாதி உத்தியோகம் கரைந்திருந்தது. வீட்டில் ஒரு டம்ளரையாவது கழுவியதுண்டா என்பது அவர் மனைவியின் நெடுநாளைய கேள்வி.

குழுவினர் மூவரும் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி, நடுநிலை பிறழாமல், வரிசையாக நின்றார்கள். கோட்டு, கழுத்தில் தொங்கும் அட்டை, கையில் நேரம் அளக்கும் நிறுத்தற்கடிகாரம்.

முதலில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள்.

"யாருங்க இவங்க? அசையவே மாட்டேங்கறாங்க."

"மெழுகா இருக்கும்."

"மெழுகுக்கு ஏங்க வேர்க்குது?"

"இந்தக் காலத்துல எதை வேணாலும் செய்யறாங்க. நீ போய்ப் பக்கத்துல நில்லு."

"பின்னாடி ஏதோ ஜாடி தெரியுது பாருங்க. போட்டோல அது விழாம எடுங்க."

செய்தி வெளியே பரவியது. மத்தியானத்துக்குள் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. புள்ளிவிவர அம்மாவின் கட்டைவிரல் கடிகாரத்தை அமுக்கி அமுக்கிச் சிவந்துபோயிற்று.

"பீங்கானுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல," என்று தலைவர் உதட்டை அசைக்காமல் சொன்னார்.

காப்பாளருக்கு மனசு கேட்கவில்லை. "சார், அவங்க உங்களைத்தான் பாக்கறாங்க."

"பார்வை எந்தத் திசையில, எவ்வளவு நேரம்னு மட்டுந்தான் நாங்க அளக்கறோம். திசை சரியாத்தானே இருக்கு?"

திசை சரியாகத்தான் இருந்தது.

சாயங்காலம் முடிவு அறிவிக்கப்பட்டது. துறை வரலாறு காணாத மதிப்பெண். காப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆனா ஒண்ணு," என்றார் தலைவர். "நாங்க போயிட்டா மதிப்பெண் இறங்கிடும். இறங்கினா நிலவறைதான். அதனால அளவீட்டைத் தொடரலாம்னு குழு ஒருமனதா தீர்மானிச்சிருக்கு."

"எத்தனை நாளைக்கு சார்?"

"கண்காட்சி இருக்கிற வரைக்கும்."

"கண்காட்சி எதுவரைக்கும் இருக்கும்?"

"நாங்க இருக்கிற வரைக்கும்."

காப்பாளர் யோசித்தார். யாரும் பார்க்காவிட்டாலும் ஜாடிகள் மேலேதானே இருக்கும்.

"விளக்கை மட்டும் கொஞ்சம் எங்க பக்கம் திருப்பிடுங்க," என்றார் புள்ளிவிவர அம்மா. "இருட்டுல ஜனங்க சிரமப்படறாங்க."

காப்பாளரே ஏணியில் ஏறி ஒவ்வொரு விளக்காகத் திருப்பினார். ஜாடிகள் ஒவ்வொன்றாக இருட்டில் மறைந்தன.

மறுநாள் கதவு திறக்குமுன்பே வெளியே கூட்டம் சலசலத்தது. குழுவினர் தங்கள் இடத்தில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டார்கள். காப்பாளர் கடைசியாக ஒரு சுற்று பார்த்தார். பையிலிருந்து, ஜாடிகளைத் துடைப்பதற்கென்றே வைத்திருக்கும் மென்மயிர்த் தூரிகையை எடுத்து, தலைவரின் தோள்பட்டையிலும் காதுமடலின் பின்புறத்திலும் கீறல் விழாமல் மெல்லத் தூசி தட்டினார்.