ஸ்டார் வாங்கியது அம்மார் இல்லை

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போடுவீர்கள், ஷார்ஜாவில் உங்கள் அறை முழுக்கக் கேட்கும். அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். மேலப்பாளையத்தில் எல்லாரும் நலம். அங்கேயும் அப்படியே இருக்க துஆச் செய்கிறோம்.

விஷயம் நம் மகனைப் பற்றியது. நீங்கள் அனுப்பிய டேப்லெட்டில் இருக்கிற பாட ஆப், அம்மாருக்குத் தொண்ணூற்றெட்டு சதவீதம், இத்தனை ஸ்டார் என்று வெள்ளிதோறும் உங்களுக்கு ரிப்போர்ட் அனுப்புகிறது. அதை நம்பி நீங்களும் தலைமையாசிரியருக்குப் போன் போட்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளையை நேரே ஐந்தில் உட்காரவைக்கச் சொல்லிவிட்டீர்கள். இன்று வகுப்பாசிரியர் எபனேசர் சார் சோதித்திருக்கிறார். கரும்பலகையில் ஒரு வரி எழுதி, வாசி என்றாராம். நம் பிள்ளை அந்த வரியை விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கையைக் கட்டி நின்றிருக்கிறான்.

"ஏம்ல நிக்க?"

"போர்டு இன்னும் வாசிக்க மாட்டேங்கு சார். நெட்டு இல்லியோ?"

வீட்டுக்கு வந்து விசாரித்தேன். நான் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கப் போகும் நேரத்தில், உங்கள் கூடப்பிறந்த லாத்தா கமர் நிஷா மதினி பீடி சுற்றுகிற இடத்தில் டேப்பைச் சாத்திவைத்துவிட்டு இவன் பாளையங்கால்வாய்க்குக் குளிக்கப் போய்விடுகிறான், அது வாய்விட்டுக் கேள்வி கேட்கிறது, பதில் வராவிட்டால் திரும்பவும் கேட்கிறது, மதினிக்குப் பொறுக்கவில்லை. "மரியாதையா கேக்குத பிள்ளைக்குப் பதில் சொல்லாம எப்படிட்டி இருக்க?" என்கிறார். கையெல்லாம் புகையிலைத் தூசி என்பதால் முழங்கையால் அமுக்குவாராம். அந்தத் தொண்ணூற்றெட்டு அவருடையது. அம்மார் கற்றது நீச்சல், நன்றாகவே நீந்துகிறானாம்.

ஆகவே டேப்பால் கல்வி வராது என்பது என் முடிவு. ஆப்புக்கு அடுத்த வருடப் பணம் கட்ட வேண்டாம். பையன் மூன்றிலேயே இருக்கட்டும் என்று தலைமையாசிரியரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள். ஐந்தாம் வகுப்பில் அவனுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லித்தர யாரும் நிற்க மாட்டார்கள்.

மாமாவும் மாமியும் சலாம் சொன்னார்கள். அல்லாஹ் உங்களுக்கு பரக்கத்தும் உடல்நலமும் தரட்டும்.

முஃபீதா

பி.கு.: மதினி தண்ணீர் குடிக்க வந்தவர், என் தோளுக்குப் பின்னால் நின்றார். இரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர், உங்கள் மெசேஜைக்கூட நான்தான் வாசித்துக் காட்டுவேன். "ப…ணம் கட்…ட வேண்…டாம்" என்று ஒவ்வொரு எழுத்தாக வாசித்துவிட்டு, "என்னட்டி எழுதிருக்க? எனக்கு நாலாம் கிளாஸ் பாடம் பாதியில நிக்கு!" என்றார். மேலே உள்ள முடிவை அடித்துவிடுங்கள். பணம் கட்டுங்கள். ஆப்பில் அம்மார் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போட வேண்டுமாம், ஸ்டார் ஒன்றும் குறையக்கூடாதாம். சீக்கிரம் பதில் போடுங்கள்.