காத்தாடிச் சத்தம் தொடர்பாக என் மைத்துனனுக்கு

ஸல்ட் நகரம்,
சனிக்கிழமை காலை

என் மனைவியின் ஒரே தம்பியும் மேல்தெருக் கம்ப்யூட்டர் கடையின் உரிமையாளருமான அன்புள்ள ஷிஹாதாவுக்கு,

இறைவனின் சாந்தி உன்மேலும், உன் வீட்டார்மேலும், உன் கடையிலிருந்து வெளியே போன சகல சாமான்கள்மேலும் இறங்கட்டும். இங்கே நானும் உன் அக்கா ஃபிர்யாலும் நலம். நலம் என்று எழுதுவது மரியாதைக்குத்தான். உன் அக்கா என்னோடு பேசி ஒன்பது நாளாகிறது. சோறு வைக்கிறாள், தேநீர் வைக்கிறாள், தட்டைக் கீழே வைக்கும்போது மட்டும் கொஞ்சம் ஓங்கி வைக்கிறாள். இந்தக் கடிதத்தையும் அவள்தான் உன்னிடம் கொண்டுவந்து தருவாள். என்ன எழுதியிருக்கிறேன் என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவாள்.

இது மன்னிப்புக் கடிதம். ஆனால் நடந்ததை ஒழுங்காகச் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டால் அது பாதி மன்னிப்பு. நான் உன்னிடம் வாங்கிய கம்ப்யூட்டர் மெஷினை நீ படியேற்றிக் கொண்டுவந்து வைத்துப் பொத்தானை அமுக்கினாய், பெட்டிக்குள்ளிருந்து 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம் கிளம்பியது. நான் முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன், எந்த அலமாரியில் எது கோளாறு என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னவன், எனவே கண்ணை மூடினேன், கோளாறு என்றேன். நீ சிரித்துக்கொண்டே, அது காத்தாடி மச்சான், சூடு தணிய ஓடுது, எல்லா மெஷினும் இப்படித்தான் பாடும் என்றாய். சரி, சாதாரணம் என்றால் காலையில் சாதாரணமா, மத்தியானமும் சாதாரணமா என்று கேட்டேன். நீ செருப்பைத் தேடினாய். அதற்குப் பிறகு உன்னை ஏழு தடவை கூப்பிட்டேன், நீயும் ஏழு தடவை கடையைப் பூட்டிவிட்டு வந்தாய். ஒருமுறை மூடியைக் கழற்றித் தூசி தட்டினாய், ஒருமுறை காத்தாடியையே மாற்றினாய், ஒருமுறை அடியில் ரப்பர் வைத்தாய், ஐந்தாவது முறை ஒன்றுமே செய்யாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கிளாஸ் தேநீர் குடித்துக்கொண்டே என்னோடு சேர்ந்து சத்தத்தைக் கேட்டாய். அன்றைக்கு உன் அக்கா சமையலறையிலிருந்தபடியே, "நாப்பது வருஷமா உங்க குறட்டைய நான் கேக்குறேன், எந்தக் கடையில கொண்டுபோய் திருப்பிக் குடுத்தேன்?" என்றாள். நீ சிரித்தாய். எனக்கு அது பிடிக்கவில்லை. ஏழாவது தடவை, சத்தம் பெட்டிக்குள்ள இல்ல மச்சான், உங்க தலைக்குள்ள இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனாய். எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

அதற்காக நான் செய்தது நியாயமே இல்லை. ரொட்டிக்கடைக்காரர் வீட்டுத் துக்கத்துக்குப் போயிருந்தோமே, ஆண்கள் எல்லோரும் சுவரோரம் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து சர்க்கரையில்லாத காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள், ஓதிக்கொண்டிருந்தவர் மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினார், அந்த நொடி பார்த்து நான் பக்கத்து நாற்காலிக்காரரிடம், ஷிஹாதா எனக்குச் சீக்குப் பிடித்த மெஷினை விற்றுவிட்டான் என்று சொன்னேன். ரகசியமாகத்தான் சொன்னேன். ஆனால் டெலிபோனில் கத்திப் பழகியவனின் ரகசியம் தெருக்கோடிவரை கேட்கும். எதிர் வரிசையில் பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையின் கணவர் இருந்தார். மறுநாளே அந்தப் பள்ளிக்கூடம், உன்னிடம் சொல்லிவைத்திருந்த எட்டு மெஷின்களும் வேண்டாம் என்றுவிட்டது. பதினெட்டு வருஷமாக நீ சேர்த்த நல்ல பெயரை, ஒருவருடைய மூச்சு இடைவெளியில் கெடுத்துவிட்டேன். மறுநாள் சந்தையில் என்னைப் பார்த்து, "வாங்க ஐயா, சௌக்கியமா?" என்றாய். மச்சான் போய் ஐயா வந்துவிட்டது.

அப்போதுதான் முறைப்படி சமாதானம் பேச ஜாஹா அழைத்து வருவது என்று முடிவு செய்தேன். ஊர்ப் பெரியவர்கள் பதினொரு பேர், அவர்களில் பேச ஹாஜி முஃப்லிஹ், பின்னால் நான். உன் விருந்தறையில் உட்கார்ந்தோம். நீ காப்பி ஊற்றிக் கொடுத்தாய், வழக்கப்படி, கேட்டது கிடைக்கும்வரை எல்லோரும் வாங்கிக் குடிக்காமல் முன்னால் வைத்தோம். ஹாஜி உன் பாட்டனாரின் பாட்டனாரிலிருந்து தொடங்கிப் புகழ்ந்து, கடைசியில் என்னைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டார். நீ, "உங்க காப்பியக் குடிங்க" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்குத்தானே வந்திருந்தோம். பதினொரு கிண்ணங்கள் மேலே எழும்பின. நானும் எடுத்தேன். குடித்திருந்தால் தீர்ந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள், எனக்கு உதடு வரைக்கும் எட்டியது. வாய்தான் சும்மா இருக்கவில்லை.

"குடிக்கிறேன், அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு, ஷிஹாதா. அந்தச் சத்தம் சாதாரணம் இல்லதானே?"

நீ எழுந்து உள்ளே போனாய். பதினொரு கிண்ணங்களும் கீழே இறங்கின. படியிறங்கும்போது ஹாஜி முஃப்லிஹ் என் முகத்தைப் பார்க்காமலே, "அறுபது ஜாஹாவுக்குப் போயிருக்கேன். ரெண்டு கொலைப் பழிகூட காப்பியோட முடிஞ்சுபோச்சு. ஒரு காத்தாடிகிட்ட தோத்துட்டேன்" என்றார். அவர் இன்னும் என் சலாமுக்குப் பதில் சொல்வதில்லை. சொல்லவும் வேண்டாம்.

மறுநாள் விசாரணையில் இறங்கினேன். மருந்துக்கடையில் இருந்த மெஷினில் காதை வைத்தேன், 'ர்ர்ர்' என்றது. மருந்துக்காரர் காதுக்குச் சொட்டு மருந்து எடுத்துக் கொடுத்தார். நகராட்சி அலுவலகத்து மெஷின் இருமுகிறது. வங்கியில் காதை வைப்பதற்குள் காவலாளி என் கையைப் பிடித்துவிட்டான், ஆனால் பிடித்த தூரத்திலிருந்தே கேட்டது. இவை எல்லாவற்றிலும் மென்மையாகப் பாடுவது நீ கொடுத்ததுதான். அந்தச் சத்தம் சாதாரணம். இதை நேற்று ரொட்டிக்கடையில், கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், அதே குரலில் சொல்லிவிட்டு வந்தேன். தலைமையாசிரியைக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். கெடுத்தது ஒரு நொடியில், சரிசெய்ய எத்தனை நாளாகுமோ தெரியவில்லை.

எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஷிஹாதா. நேற்று வெள்ளிக்கிழமை உன் அக்கா ஆட்டிறைச்சியும் சோறுமாக மன்ஸஃப் செய்தாள். பெரிய தட்டில் என் பக்கம் குழிந்துபோய், வெள்ளிக்கிழமைதோறும் நீ உட்காரும் பக்கத்துச் சோறு மேடாக அப்படியே நின்றது. அந்தப் பக்கம் கை போட மனசு வரவில்லை. எடுத்து மூடி வைத்துவிட்டாள்.

ஆகவே இந்த விஷயம் இத்தோடு தீர்ந்தது. மெஷின் நன்றாக ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை. அதைப் பார்க்க நீ இனி ஒரு படிகூட ஏறி வரவேண்டிய அவசியமில்லை. உன் மனம் எப்போது ஆறுகிறதோ அப்போது ஆறட்டும், நான் தொந்தரவு செய்யமாட்டேன். இறைவன் உனக்கு நீண்ட ஆயுளையும், காது மந்தமான வாடிக்கையாளர்களையும் தரட்டும். உன் மனைவிக்கு என் சலாம்.

உன் அக்காவை மணந்த குற்றவாளி,
அபூ ஹிக்மத்

பி.கு.: கையெழுத்துப் போட்டு முடித்த கையோடு மெஷின் அடியோடு நின்றுவிட்டது. சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. இது சாதாரணமா என்று நீ நேரில் வந்து பார்த்துத்தான் சொல்லவேண்டும். நான் எதையும் தொடவில்லை என்று எழுதியிருந்தேன். உன் அக்கா படித்துவிட்டு, ஒன்பது நாளில் முதல்முறையாக வாயைத் திறந்து, அந்த வரியை அடிக்கச் சொன்னாள். அடித்துவிட்டேன். சுவரிலிருந்து வயரைப் பிடுங்கியது நான்தான். வந்து மாட்டிக் கொடு.