ஐஸ்லாந்துக்குக் காய்ச்சிய கூழ்

ஒரு நாட்டையே ஒற்றைப் பானையால் வீழ்த்தியவன் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. (பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் நடந்த அன்றைக்கு என் கால்கள் நடுங்கிய நடுக்கத்தில், மூன்றாம் மாடி இறங்கித் தன் தலையில் விழப்போகிறது என்று கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவர் பயந்திருப்பார்.)

வீழ்ந்த நாடு ஐஸ்லாந்து. முழு நாடும் இல்லை. அங்கே ஏதோ ஒரு கடலோர ஊரிலிருந்து வந்த, பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்களின் ஐஸ் ஹாக்கி அணி. ஆனாலும் சட்டைத் தோளில் கொடி தைத்திருந்தார்கள். கொடி இருந்தால் நாடுதான்.

கியூபெக்கில் எங்கள் வட்டாரக் கழகம் வருடாவருடம் ஒரு சர்வதேச இளையோர் போட்டி நடத்தும். சர்வதேசம் என்றதும் பெரிய அரங்கம், தொலைக்காட்சிக் கமரா என்று நினைத்துவிடக் கூடாது. மேல் பிரிவுகளைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். எங்களுடையது கடைசிப் பிரிவு. பார்க்க வருகிறவர்கள் பெற்றோர் மட்டும், அவர்களிலும் பாதிப்பேர் கோப்பி வாங்கப் போயிருப்பார்கள். பெயரிலேயே ஐஸ் வைத்திருக்கிற நாடு ஏன் கடைசிப் பிரிவில் ஆடுகிறது என்று மகளிடம் ஒருநாள் கேட்டேன்.

"அப்பா, நீங்கள் யாழ்ப்பாணத்தில கடலுக்குப் பக்கத்திலதானே இருந்தனீங்கள். நீந்தத் தெரியுமோ?" என்றாள்.

எனக்கு நீந்தத் தெரியாது.

மகளின் பெயர் அபி. அப்போது பதினான்கு வயது. கழக அணியின் இரண்டாவது கோலி, அதாவது கோல் காப்பவள். இரண்டாவது கோலியின் வேலை, முதலாவது கோலிக்குக் காய்ச்சல் வரும்வரை காத்திருப்பது. எங்கள் முதலாவது கோலிக்கோ இரும்பு உடம்பு. இரண்டு பருவங்களாக ஒரு தடிமன்கூட வரவில்லை. அபி தலை முதல் கால் வரை கவசம் அணிந்து வாங்கில் உட்கார்ந்து, மற்றப் பிள்ளைகள் பனித்தளத்துக்குப் போகும்போதும் வரும்போதும் சின்னக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நானும் சனிக்கிழமைகளில் விடியப்புறம் எழும்பி, காரில் உறைந்த பனியைச் சுரண்டி, நகரத்தின் மறுகோடிக்கு ஓடிப்போய், இரண்டு வருடமும் ஒரு கதவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

வெளிநாட்டுப் பிள்ளைகளை வீடுகளில் தங்க வைப்பது இந்தப் போட்டியின் வழக்கம். கழகத்தில் அதற்குப் பொறுப்பான பெண் தொலைபேசியில் அழைத்தார். "உங்கள் வீட்டில் ஒரு கோலி இருக்கிறாள். ஐஸ்லாந்தின் இரண்டு கோலிகளையும் உங்களிடமே அனுப்பினால் பிள்ளைகளுக்குப் பேச விஷயம் இருக்கும்" என்றார். சரி என்றேன். "சாப்பாட்டில் அவர்களுக்கு ஒவ்வாமை ஒன்றும் கிடையாது" என்றும் சொன்னார். சாதாரணத் தகவல். நான் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டேன்.

கத்ரீன், சிக்ரூன் என்று இரண்டு பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். கதவுநிலையில் தலை இடிக்கிற உயரம். சத்தமே வராத மரியாதை. சப்பாத்துகளைக் கழற்றிச் சுவரோரம் வரிசையாக வைத்தார்கள். (எங்கள் வீட்டில் சப்பாத்துகள் வரிசையாக நின்றது அதுவே முதல் முறை.)

நான் பத்தொன்பது வருடமாக ஓர் இத்தாலிய உணவகத்தில் சமைக்கிறவன். விருந்தாளியைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். இது என் மனைவி வதனிக்குத் தெரியும். அவள் முதியோர் இல்லத்தில் மாலை வேலைக்குப் புறப்படும்போது வாசலில் நின்று சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, பாஸ்டா அவிச்சுக் குடுங்கோ. உங்கட வித்தை ஒண்டும் வேண்டாம். விடிஞ்சால் பிள்ளையளுக்கு மட்ச்."

"நீர் போயிட்டு வாரும். எனக்குத் தெரியாதே?" என்றேன்.

அவள் படி இறங்கியதும் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. (அது வேலை செய்த நாட்களில்தான் எங்கள் வீட்டில் அனர்த்தங்கள் நடந்திருக்கின்றன.) ஐஸ்லாந்து கடல் சூழ்ந்த நாடு. மீன் தின்று வளர்ந்த பிள்ளைகள். அவர்களுக்குப் போய்ப் பாஸ்டாவா? கடலுணவு போட்ட யாழ்ப்பாணக் கூழ் அல்லவா காய்ச்ச வேண்டும். ஜான்-டலோன் சந்தைக்கு ஓடி மீன், நண்டு, இறால், கணவாய் வாங்கினேன். தமிழ்க்கடையில் காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவும் புளியும் செத்தல் மிளகாயும் வாங்கினேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் என்பதை நான் மறக்கவில்லை. உறைப்பைக் குறைத்தேன். வழக்கமாக இருபது மிளகாய் அரைப்பேன். அன்றைக்குப் பதினெட்டு.

ஆறு மணிக்கு ஆளுக்கொரு பெரிய கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். முதல் வாயிலேயே கத்ரீனின் முகம் ரோஜா நிறத்துக்கு மாறியது. அரைக் கோப்பையில் தக்காளி நிறம். சிக்ரூனுக்கு மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் ஒரே நேரத்தில் நீர் வடிந்தது. ஆனால் இரண்டு பேரும் நிறுத்தவில்லை. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கோப்பையை மேசையில் வைத்தார்கள்.

"மிகவும் நன்றாக இருக்கிறது" என்றாள் கத்ரீன், ஆங்கிலத்தில், குரல் அடைத்து.

கோப்பை காலி. காலிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்கள் ஆட்களால் முடியுமா? நிரப்பினேன். அதையும் முடித்தார்கள். மறுபடி நிரப்பினேன்.

"அப்பா, காணும். அவையின்ர முகத்தைப் பாருங்கோ" என்றாள் அபி.

"குளிர்நாட்டுப் பிள்ளையள். வீட்டுச் சூடு ஒத்துக்கொள்ளேல்லை. நீ பேசாமல் குடி."

ஆளுக்கு ஐந்து கோப்பை. என் சமையல் வாழ்க்கையில் இப்படி ஒரு வெற்றியை நான் கண்டதில்லை. பாத்திரம் கழுவும்போது பாட்டுக்கூடப் பாடினேன்.

காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டின் ஒரே கழிவறை முன்னால் ஐஸ்லாந்து வரிசையில் நின்றது. உள்ளே கத்ரீன். வெளியே சுவரைப் பிடித்தபடி சிக்ரூன். சிறிது நேரத்தில் உள்ளே சிக்ரூன், வெளியே கத்ரீன். இடைவேளை இல்லாத ஆட்டம்.

வதனி நடையில் வந்து நின்றாள். "என்னப்பா குடுத்தனீங்கள்?"

"பாஸ்டா மாதிரி ஒரு சாமான்."

"மாதிரி எண்டால்?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் குசினிக்குப் போய்ப் பானையைத் திறந்துவிட்டாள். மூடியைத் திரும்ப வைத்த சத்தத்திலேயே என் கதை முடிந்தது. பதினொரு மணிக்கு ஆட்டம். ஆடப்போகும் அணிகள் இரண்டு: ஐஸ்லாந்தும் எங்கள் கழகமும். வென்றவர்கள் அரையிறுதிக்குப் போவார்கள், தோற்றவர்களுக்குப் போட்டி முடிந்தது. அந்த நிலையில் எதிரணியின் இரண்டு கோலிகளையும் நான் படுக்கையில் போட்டுவிட்டேன். இதைத் தற்செயல் என்று எந்த நீதிமன்றம் நம்பும்?

பயத்தில் மனிதன் அறிவோடு நடப்பதில்லை. நான் பானையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடி, மிச்சக் கூழோடு காரின் டிக்கியில் ஒளித்து வைத்தேன்.

"அதை ஏன் அங்க வைக்கிறியள்?" என்று மேலிருந்து கேட்டாள் வதனி.

"ஆரும் பார்க்க வந்தால்?"

"ஆர் வருவினம், ஹாக்கி பொலிசோ?"

வதனி மல்லித்தண்ணீர் அவித்துக்கொண்டு பிள்ளைகளோடு நின்றாள். நான் அபியை ஏற்றிக்கொண்டு அரங்கத்துக்குப் புறப்பட்டேன். அகாடி மெத்ரோ நிலையத்தருகே வளைவில் சற்று வேகமாகத் திருப்பியபோது பின்னாலிருந்து 'தொபுக்' என்று ஒரு சத்தம். டிக்கியில் பானைக்குப் பக்கத்தில் இருந்தது அபியின் கவசப் பை. நான் வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன்.

ஐஸ்லாந்தின் பயிற்சியாளர் ஹெல்கா என்ற நெடிய பெண். அவரிடம் போய், "உங்கள் பிள்ளைகளுக்கு வைரஸ் காய்ச்சல். விமானத்தில் தொற்றியிருக்கும்" என்றேன். அவர் பதறி உடனே கத்ரீனைத் தொலைபேசியில் அழைத்தார். நானும் கேட்க ஒலிபெருக்கியில் போட்டு, ஆங்கிலத்திலேயே கேட்டார்.

"என்னம்மா செய்கிறது?"

"வயிறு" என்றது ஒரு மெல்லிய குரல். "அந்த சூப் மிகவும் நன்றாக இருந்தது. நாங்கள் ஐந்து கோப்பை குடித்தோம்."

ஹெல்கா என்னைப் பார்த்தார். நான் அரங்கத்தின் கூரையைப் பார்த்தேன். நல்ல உறுதியான கூரை.

"ஐந்து கோப்பை ஏன் கொடுத்தீர்கள்?"

"அவர்கள் முடித்தார்கள். முடித்தால் இன்னும் வேண்டும் என்று எங்கள் வழக்கத்தில் அர்த்தம். வேண்டாமென்றால் கொஞ்சம் மிச்சம் விட வேண்டும்."

ஹெல்கா நெற்றியில் கை வைத்தார். "விமானம் ஏறும்போது நான்தான் சொன்னேன், வீட்டுக்காரர் எதைத் தந்தாலும் மிச்சம் விடாமல் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவமதிப்பு என்று."

மரியாதையால் மரியாதையைத் தாக்கினால் இப்படித்தான் ஆகும். பிள்ளைகளுக்கு நித்திரை வந்தபடியால் ஐந்தோடு நின்றது.

ஆனால் ஐஸ்லாந்தின் உடைமாற்றும் அறைக்குள் பதினைந்து பிள்ளைகள் ஸ்கேட்டைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். புயலில் விமானம் தவறி, இரண்டு நாள் பயணம் செய்து வந்தவர்கள். கோலி இல்லாத அணி ஆட்டத்தைக் கைவிட வேண்டியதுதான். எங்கள் பயிற்சியாளர் லுக், அதிகம் பேசாத கியூபெக்காரர், விஷயத்தைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். ஆடாமல் வெல்வது அவருக்கும் பிடிக்கவில்லை. வேறு வழியும் தெரியவில்லை.

"அப்பா, நான் போறன்" என்றாள் அபி.

"எங்க போறாய்? வீட்டையோ?"

"இல்லை. அவைக்கு கோலியா நிக்கப் போறன். இஞ்ச நான் கதவுதானே திறக்கிறன். கதவை ஆரும் திறக்கலாம்."

அதையே லுக்கிடம் பிரெஞ்சில் சொன்னாள். லுக் ஹெல்காவைப் பார்த்துத் தலையாட்டினார். மேல் பிரிவாக இருந்தால் இதற்கு நூறு சட்டம் பேசியிருப்பார்கள். கடைசிப் பிரிவில் இரண்டு பயிற்சியாளர்களும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள், விஷயம் முடிந்தது.

கவசப் பையைத் திறந்ததும் அறை முழுவதும் நண்டு வாசம். ஹெல்கா மூக்கை உறிஞ்சினார். "இதுதானா அந்த சூப்?" என்றார். அன்றைக்கு அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

நான் எங்கே உட்காருவது என்பது அடுத்த சிக்கல். எங்கள் கழகப் பெற்றோர் ஒரு பக்கம். ஐஸ்லாந்தோடு வந்த நான்கு பெற்றோர் மறுபக்கம். அங்கே போனால் விஷம் வைத்தவன், இங்கே இருந்தால் மகளைக் கொடுத்தவன். இரண்டுக்கும் நடுவில் தனியாக உட்கார்ந்து, மப்ளரால் முகத்தை மூடி, பின்னல் இடைவெளியால் பார்த்தேன்.

எதிரே வருகிறவர்கள் அபியோடு இரண்டு வருடம் பயிற்சி செய்தவர்கள். இடது தோளுக்கு மேலே வரும் ரப்பர் வட்டைத் தடுப்பதில் அவள் தடுமாறுவாள் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். முதல் அடியே அங்கேதான் வந்தது. மப்ளரைப் பல்லால் கடித்தேன். அபி கையுறையை உயர்த்திப் பிடித்துவிட்டாள். இரண்டாவதும் அங்கேயே. அதையும் பிடித்தாள். மூன்றாவதுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டதால் என்ன நடந்தது என்று தெரியாது, ஆனால் கோல் மணி அடிக்கவில்லை.

இரண்டாம் பகுதியில் ஒன்று கால்களுக்கிடையால் போனது. நான் எழுந்து வீட்டுக்குப் போகலாமா என்று யோசித்தேன். (நான் போனால் அவளை யார் கூட்டிப்போவது?) அபி மட்டையால் கோல் கம்பத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பக் குனிந்து நின்றாள். அவ்வளவுதான். அவள் யாருடைய பிள்ளை என்று எனக்கே சந்தேகம் வந்தது. பிறகு ஐஸ்லாந்து ஒன்று போட்டது. மூன்றாம் பகுதியின் கடைசியில் யாருடைய ஸ்கேட்டிலோ பட்டு அவர்களுக்கு இன்னொன்றும் விழுந்தது. ஐஸ்லாந்து இரண்டு, எங்கள் கழகம் ஒன்று.

கடைசி நிமிடத்தில், தோற்கிற அணிகள் செய்வதுபோல, லுக் தன் இரும்புக் கோலியை வெளியே அழைத்து, ஆறாவது தாக்குதல்காரியை இறக்கினார். கதவைத் திறக்க ஆளில்லை. அவரே ஓடிப்போய்த் திறந்தார். ஆறு பிள்ளைகளும் அபியின் மேல் பாய்ந்தார்கள். யாருக்காகக் கத்துவதென்று தெரியாமல் நான் "அபி" என்று கத்தினேன். அது எந்தப் பக்கத்துக்கும் பொதுவான பெயர். தரையோடு நீட்டி விழுந்த அவளுடைய காலில் கடைசி அடி பட்டுத் தெறித்தபோது மணி அடித்தது.

முதல் நாள் நான் ஐஸ்லாந்தை வீழ்த்தினேன். மறுநாள் என் மகள், எங்கள் கழகத்தை, எங்கள் கழகம் நடத்திய போட்டியிலேயே வீழ்த்தினாள். ஐஸ்லாந்துப் பிள்ளைகள் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தார்கள். வாசம் ஏறியதும் அதே வேகத்தில் விலகினார்கள். நான் மப்ளரால் கண்ணைத் துடைத்தேன். யார் கேட்டாலும் குளிர் என்று சொல்லத் தயாராக இருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

லுக் மட்டும் வந்து பக்கத்தில் நின்றார். "இவள் இப்படி ஆடுவாள் என்று தெரிந்திருந்தால், இரண்டு வருடத்துக்கு முன்பே என் கோலிக்கு உன்னைச் சமைக்கச் சொல்லியிருப்பேன்" என்றார்.

கத்ரீன் மாலையே எழுந்து வெண்ணெய் பூசிய பாண் துண்டு சாப்பிட்டாள். அரையிறுதியில் அவளே நின்றாள், தோற்றார்கள். விடைபெறும்போது என்னிடம் கை குலுக்கினாள். வதனியைக் கட்டிப்பிடித்தாள். அடுத்த பருவம் அபி முதலாவது கோலி. லுக் அதற்கு ஒரு விளக்கமும் சொல்லவில்லை, பட்டியலில் பெயரை மேலே எழுதிவிட்டார்.

இப்போது போட்டிக்கு வருகிற வெளிநாட்டு அணிகளுக்குக் கழகம் ஒரு சின்னக் கையேடு கொடுக்கிறது. அதில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஒரு வரி இருக்கிறது: 'இரண்டாம் தடவை உணவு வேண்டாம் என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது.' புதிதாக வரும் பெற்றோர், இதையெல்லாமா எழுதுவார்கள் என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு 'அப்பான்ர சட்டம்' என்று பெயர். விருந்தாளியின் தட்டுப் பக்கம் நான் கரண்டியோடு சாய்ந்தால், வதனியும் அபியும் அந்த வரியைப் பிரெஞ்சில் ஒரே குரலில் ஒப்பிப்பார்கள்.

போன மாதம் அரங்கத்தில் ஒரு புதுத் தகப்பன் அந்த வரியைக் காட்டி, இதை எழுத வைத்தது யார் என்று அபியிடம் கேட்டான். அவள் முகமூடியைத் தூக்கி, மட்டையால் மேல் வரிசையில் இருந்த என்னைச் சுட்டிக்காட்டி, அரங்கம் முழுவதும் கேட்கும்படி சொன்னாள்:

"அது என்ர அப்பா."

நான் எழுந்து நின்று கையசைத்தேன்.