நீலாம்பரியில் ஓர் இருமல்

ஒரே ஒரு தடவை இருமி, அந்த ஒரே இருமலால் டெல்லியிலும் துபாயிலும் பேர் வாங்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஸ்ரீரங்கத்துக்காரர். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஓடிய டவுன் பஸ்ஸில் கண்டக்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று சத்தியமாக எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் அவர் 'இருமல் கண்டக்டர்'. தபால்காரர்கூட அப்படிக் கேட்டுக்கொண்டுதான் வருவார்.

கதை இதுதான். அப்போது கேசட் காலம். ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கச்சேரி. பாடியவர் பெரிய வித்வான். நம்மவருக்குத் தெரிந்த சங்கீதம் பஸ் விசில் மட்டும்தான். ட்யூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், மண்டபத்தில் ஃபேன் ஓடுவதைப் பார்த்து உள்ளே நுழைந்து, முன் வரிசையில் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது ரெக்கார்டிங் மைக்குக்குப் பக்கத்து நாற்காலி என்பதெல்லாம் அவருக்கு எங்கே தெரியும்? வித்வான் நீலாம்பரியை எடுத்தார். தாலாட்டுக்கென்றே பேர்போன ராகம். மெல்ல மெல்ல மேலே போய், உச்சியில் ஒரு ஸ்வரத்தில் நின்று, நின்று, அப்படியே குரலை அடக்கி நிறுத்தினார். மண்டபத்தில் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. அந்த நிசப்தத்தில்தான், நாள் முழுக்க 'உள்ள போங்க, உள்ள போங்க' என்று கத்திய தொண்டையிலிருந்து 'க்ஹும்... க்ர்ர்ஹும்' என்று ஒன்று புறப்பட்டது.

வித்வான் ஒரு முறை முறைத்துவிட்டுத் தொடர்ந்து பாடினார். அத்தோடு போயிருக்கும். ஆனால் அன்றைக்கு ஒரு கேசட் கம்பெனி கச்சேரியைப் பதிவு செய்துகொண்டிருந்தது. இருமலை வெட்டினால் ராகமும் சேர்ந்து அறுந்துபோகும் என்று அப்படியே கேசட் போட்டுவிட்டார்கள். அது பிய்த்துக்கொண்டு போயிற்று. ஸ்ரீரங்கத்துச் சமையலறைகள், உறையூர்த் தறி வீடுகள், லால்குடிக் கல்யாணங்கள், டெல்லிக்கும் துபாய்க்கும் போனவர்களின் பெட்டிகள் என்று எங்கே போனாலும் அந்த நீலாம்பரி. அதற்குள் அந்த இருமல்.

வேடிக்கை என்னவென்றால், இருமியவருக்கு இது எதுவுமே தெரியாது! ஒரு நாள் காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது தொண்டையைக் கனைத்திருக்கிறார். ஜன்னலோரம் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு மாமி துள்ளி எழுந்துவிட்டார்.

"நீங்கதானா அது? கேசட்ல வர்றது?"

கண்டக்டர் தோள்பையைக் கழற்றி நீட்டினார். "கேசட்டா? நான் எதையும் எடுக்கலைங்கம்மா. வேணும்னா பையைப் பாத்துக்கங்க."

"அட ராமா, திருட்டு இல்லை, இருமல்! தெனம் கார்த்தால உங்க இருமலைக் கேட்டுண்டுதான் எங்காத்துல காபியே கலக்கறேன்!"

அன்று சாயங்காலமே நம்மவர் கேசட்டை வாங்கி, பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரில் போட்டுக் கேட்டிருக்கிறார். மறுநாள் பஸ்ஸில் ஏறியவர் கண்டக்டர் இல்லை, கலைஞர்.

"பாட்டு அவரு, இருமல் நாம" என்றுதான் புதியவர்களிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். டீக்கடையில் அந்தக் கேசட் ஓடினால் கையைத் தூக்கிவிடுவார். "யாரும் கிளாஸ் கழுவாதீங்க. இப்ப வரும்." வந்ததும் நாலு பக்கமும் திரும்பி ஒரு கும்பிடு. வேறு யாராவது இருமிவிட்டால் போதும், முகத்தைச் சுளித்துக்கொள்வார். "அது வெறும் சளிங்க. டாக்டர்ட்ட காட்டச் சொல்லுங்க."

உறையூரில் ஒரு பெண், கேசட்டைக் கேட்டுக் கேட்டே நீலாம்பரி கற்றுக்கொண்டாள். ஒரு பாட்டுப் போட்டியில் பாடினாள். உச்சிக்குப் போனாள், நிறுத்தினாள், வாயில் கை வைத்து அழகாக இருமினாள், பிறகு தொடர்ந்தாள். நடுவர் பதறிப்போய், "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். "இல்ல சார், பாட்டே அப்படித்தான் சார்" என்றாள் அந்தப் பெண். முதல் பரிசு அவளுக்குத்தான். செய்தி கேட்ட கண்டக்டர், வாழைப்பழச் சீப்போடு அவள் வீட்டைத் தேடிப் போய் ஆசீர்வாதம் செய்துவிட்டு வந்தார். கொழுப்பைப் பார்த்தீர்களா!

பல வருஷம் கழித்து அதே வித்வான் மறுபடியும் ஸ்ரீரங்கத்தில் பாட வந்தார். கூட்டம் தெருவரை நின்றது. கச்சேரி நடத்தியவர்கள் கண்டக்டரை மாலை போடாத குறையாக அழைத்து வந்து, முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். நீலாம்பரி வந்தது. உச்சி வந்தது. நிசப்தமும் வந்தது. மண்டபமே அவர் பக்கம் திரும்பியது. பொய் சொல்லவில்லை, வித்வானும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நம்மவர் வாயைத் திறந்தார், மூடினார், கழுத்தைத் தடவிக்கொண்டார். ஊஹூம், ஒன்றும் வரவில்லை. வித்வான் வேறு வழியில்லாமல் மேலே பாடினார்.

அன்று அவர் பாடியது கேசட்டைவிடப் பல மடங்கு உசத்தி. ஞானசூனியமான எனக்கே அது தெரிந்தது. ஆனால் வெளியே வந்த ஜனங்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "என்ன இருந்தாலும் கேசட்ல இருக்கற மாதிரி இல்லைங்க!" பாடியவரே எதிரில் உட்கார்ந்து உயிரைக் கொடுத்துப் பாடுகிறார், அவருடைய நகலிடம் அவரே தோற்றுப்போகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்டக்டர் ஒரு ஓரமாகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"வர மாட்டேன்னுடுச்சு தம்பி. அன்னைக்கு அது தானா வந்துச்சு. கூப்பிட்டா வருமா?"

அவர் ரிட்டயர் ஆனார். மனைவி காலமானார். பிள்ளைகள் வெளியூரில். டேப் ரெக்கார்டர்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. இருந்தாலும் மனுஷன் அந்த இருமலை வைத்துக்கொண்டு தெம்பாகத்தான் நடமாடினார். சமீபத்தில் என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், பேரன் பிறந்தான். குழந்தையைப் பார்க்கக் கண்டக்டர் வந்தபோது, தூளிக்குப் பக்கத்தில் செல்போனில் அதே நீலாம்பரி ஓடிக்கொண்டிருந்தது.

"அட, நம்ம பாட்டு!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். உச்சி வந்தது. நிசப்தம் வந்தது. இருமல் வரவில்லை. பாட்டு வழவழவென்று மேலே போய்விட்டது.

"தம்பி, தள்ளி விட்டுட்டீங்களா? திரும்பப் போடுங்க."

போட்டேன். மறுபடியும் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்போனைப் பார்த்தேன். கம்பெனிக்காரர்கள் பழைய பதிவைச் சுத்தம் செய்து, 'இரைச்சல் நீக்கப்பட்டது' என்று போட்டிருந்தார்கள். எங்கள் தெருச் சாக்கடையைச் சுத்தம் செய்ய ஆளைக் காணோம், பாட்டைச் சுத்தம் செய்யக் கிளம்பிவிட்டார்கள்!

"இரைச்சலா?" என்றார் கண்டக்டர். செல்போனைக் கவிழ்த்து வைத்தார். "என்கிட்ட இருந்த கேசட்டும் பூஞ்சை புடிச்சுப் போச்சு. இனிமே எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க, இல்ல? அப்ப அன்னைக்கு நான் அங்க வரவே இல்லைன்னுதானே ஆகும்?"

காபி குடிக்காமலே போய்விட்டார். அதற்குப் பிறகு டீக்கடையிலும் காணோம், தெருவிலும் காணோம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், பாதிக் கதவைத் திறந்து, "உடம்பு முடியலைங்க தம்பி" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டார். இந்த ஏக்கத்திலேயே படுத்துவிடுவாரோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது.

பேரனுக்குக் காதுகுத்து வந்தது. ஆட்டோ கொண்டுபோய், கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரைக் கூட்டி வந்தேன். பேருக்கு நாலு வாய் சாப்பிட்டார். விருந்தாளிகள் கிளம்பிப் போனதும் அவரும் எழுந்தார். "வரேன் தம்பி." உள்ளே என் மனைவி, அழுது ஓய்ந்த பேரனைத் தூளியில் போட்டுச் செல்போனில் நீலாம்பரியை வைத்துவிட்டாள். அது காதில் விழாமல் போய்விட வேண்டும் என்று அவசரமாகச் செருப்பில் காலை விட்டார் மனுஷன். அதற்குள் பாட்டு உச்சிக்குப் போய் நின்றது.

அறைக்குள்ளிருந்து, "க்ஹும்... க்ர்ர்ஹும்!"

அவர் அப்படியே நின்றுவிட்டார். நான் உள்ளே ஓடினேன். மனைவி தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இருமினது நீயா? என்னடி ஆச்சு?"

"ஷ்ஷ்! மெதுவாப் பேசுங்க. இந்தப் புதுசுல அந்த இடத்துல ஒண்ணுமே இல்லாம நிக்குதா, பாட்டு முடிஞ்சு போச்சுன்னு புள்ள முழிச்சுக்குது. இருமினோம்னா, ஓ, இன்னும் இருக்குன்னு தூங்கிடுது. நான் மட்டுமா? எதிர் வீட்டு மருமக அவ பொண்ணைத் தூங்க வைக்கறப்பவும் இப்படித்தான் இருமறா. அண்ணன் இருமல் இல்லாம அந்தப் பாட்டை எப்படிங்க கேக்கறது?"

திரும்பிப் பார்த்தேன். கண்டக்டர் வாசற்படியில் நின்றுகொண்டு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பாடா! என் நெஞ்சிலிருந்த பாரமும் அப்போதுதான் இறங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மெதுவாக உள்ளே வந்தார்.

"தங்கச்சி, நல்லாத்தான் இருமறீங்க. ஆனா முதல்ல 'க்ஹும்'னு வந்துச்சா, அதுக்கப்புறம் கொஞ்சம் நிதானம் வேணும். நீங்க ரெண்டாவதுக்கு அவசரப்படறீங்க."

"அப்ப நீங்களே சொல்லிக் குடுங்கண்ணே" என்று சிரித்தாள் அவள். மனுஷன் உட்கார்ந்து காபி கேட்டார், சர்க்கரை தூக்கலாக.

இப்போதெல்லாம் தினமும் சாயங்காலம் வந்துவிடுகிறார், பாடம் எடுக்க. மனைவிக்கு நன்றாகவே வந்துவிட்டது. மகளும் தேறிவிட்டாள். எனக்கு மட்டும் இன்னும் பிடிபடவில்லையாம், தலையில் அடித்துக்கொள்கிறார். பிடிபடாமலே இருக்கட்டுமே, நாளைக்கும் வருவார்.