ஆறாவது கோப்பையும் ஆயிரத்து எண்பது கோடுகளும்

மனிதகுலத்தின் பார்வையைத் திருத்திய கண்டுபிடிப்புகள் மூன்று. முதலாவது மூக்குக் கண்ணாடி. இரண்டாவது கெட்டரெக்ட் ஒப்பரேஷன். மூன்றாவது, அக்குறணையில் தாஸிமின் கடையில் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்க்குக் கிடைத்த, மங்கிய படத்தையும் ஆயிரத்து எண்பது கோடுகளில் தெளிவாக்கும் 'குளோரிவிஷன்' அப்ஸ்கேலிங் டிவிடி பிளேயர். முதல் இரண்டாலும் பயன்பெற்றவர்கள் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மூன்றாவதை வாங்கியவர்கள்தான் ஒன்றியம் அமைத்தார்கள்.

'குளோரிவிஷன் பாவனையாளர் ஒன்றிய'த்தின் தலைவர், செயலாளர், கணக்காய்வாளர் ஆகிய பதவிகளை முனாஸ் ஒருவரே சுமந்தார். அவர் ஓர் அரசாங்கக் கந்தோரில் பிரதம எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பத்திரண்டு வருடம் கோப்புகளோடு குடும்பம் நடத்தியதால், கூட்டறிக்கை இல்லாமல் நடந்த எதையும் நடந்ததாகவே அவர் ஏற்பதில்லை.

பிளேயர் வாங்கப் போன அன்று கடையில் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"இது இல்லாததக் காட்டுமா, தாஸிம்?"

"இல்லாததக் காட்டாது, முனாஸ் நானா. ஈந்தும் தெரியாம ஈக்கிறதக் காட்டும்," என்றார் தாஸிம். கடையின் டிவி, மழைக்கு ஆற்றுவெள்ளம் எட்டாத உயரத்தில், கூரையோடு ஒட்டியிருந்தது. அதில் ஒரு பழைய கிரிக்கெட் மேட்ச் ஓடியது. "அந்தா பாருங்கோ, பந்துட தையல் தெரியுது." முனாஸ் அண்ணாந்து பார்த்தார். கழுத்து வலித்தது. தையல் தெரிகிறது என்று ஒப்புக்கொண்டார்.

பந்தின் தையல் அவருக்குப் பெரிதல்ல. அவர் தேடியது, கலியாணச் சாப்பாட்டின் இனிப்பான வட்டிலப்பம் இருந்த ஒரு கோப்பை.

மூன்று வருடத்துக்கு முன் மகள் சப்னாவின் கலியாணம். ஊர் வழக்கப்படி சஹன் சாப்பாடு: ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர், தட்டோரத்தில் ஆளுக்கொரு வட்டிலப்பக் கோப்பை. முதல் சஹனில் உட்கார்ந்தவர் அர்கம், முனாஸின் மனைவி மஸாஹிராவின் ஒரே தம்பி. சாப்பிட்டு எழுந்தவர் கைகழுவிய கையோடு ஒருவரிடமும் சொல்லாமல் போய்விட்டார். இரண்டு நாளில் செய்தி, மாத்தளை வீதியில் நாலு கடை ஏறி இறங்கி முனாஸிடம் வந்து சேர்ந்தது: தனக்கு வட்டிலப்பம் கிடைக்கவில்லை என்கிறாராம் அர்கம். வழியில் அது கொஞ்சம் வளர்ந்து, "ஆறு பேருட சஹனுக்கு அஞ்சு கோப்பை வெச்சிட்டாங்க" என்று ஆகியிருந்தது.

முனாஸ் கொதித்துப்போனார். கோப்பைகளைத் தானே எண்ணி, பட்டியலிட்டு, ஒப்பமிட்டு வைத்தவர் அவர். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. ஒவ்வொரு பெருநாளும் மஸாஹிரா தம்பிக்கென்று ஒரு தட்டு பலகாரம் மூடி வைப்பாள். இருட்டியதும் அதைத் திறந்து பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, குசினியில் நின்று அழுவாள். அர்கமின் மகளுக்கு வருகிற பதினெட்டாம் திகதி கலியாணம். ஊரெல்லாம் அழைப்புக் காட் போய்விட்டது. இந்த வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

ஆதாரம் வேண்டும், ஆதாரத்தைக் கண்டால் அர்கம் மன்னிப்புக் கேட்பார், கேட்டால் காட் வரும் என்று முனாஸ் திட்டமிட்டார். ஆதாரமும் கையிலேயே இருந்தது. கலியாண டிவிடியில் நாற்பத்தோராவது நிமிடத்தில் கெமரா அந்த சஹனை மேலிருந்து காட்டுகிறது. அந்த இடம் வந்ததும் நிறுத்தி, டிவிக்குக் கிட்டப் போய் எண்ணுவார். ஒருநாள் ஆறு வரும், மறுநாள் ஐந்தரை வரும். "படம் தெளிவில்ல" என்று சொல்லி அணைத்துவிடுவார். மூன்று வருடமாக இதுவே நடந்தது.

ஆகவேதான் குளோரிவிஷன். ஆகவேதான் ஒன்றியம்.

ஒன்றியத்தின் முதலாவது 'அனுபவப் பகிர்வு' முனாஸின் வீட்டில், இஞ்சித் தேத்தண்ணியோடு நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி திருச்செல்வம் முதலில் சாட்சியமளித்தார்.

"என்ர கலியாண வீடியோவில மனுசி சிரிச்சுக்கொண்டு நிக்கிறா எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சனான். இப்பதான் தெரியுது, பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறா."

'தெளிவு: மிக உயர்ந்தது' என்று முனாஸ் பதிந்தார்.

அடுத்தவர் யோகராஜ். பன்வில தோட்டத்துக்காரர், கண்டிப் பக்கம் வீடு வீடாக டிஷ் அன்டெனா பூட்டுகிறவர். "நம்ம வீட்ல பரவாயில்லீங்கண்ணே. முன்னைக்கு இப்ப கொஞ்சம் நல்லா இருக்கு. பெருசா ஒண்ணுமில்லீங்க."

கூட்டம் அதிர்ந்தது. கொஞ்சமா? 'அங்கத்தவர் யோகராஜ் இயந்திரத்தைச் சரிவரப் பாவிக்கத் தெரியாதவர்' என்று கூட்டறிக்கையில் ஏறியது. அவரும் அதற்கு ஒப்பமிட்டுவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று கிளம்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் 'விசேட காட்சிப்படுத்தல்'. தாஸிம் தூது போய் அர்கமைச் சம்மதிக்க வைத்தார். அர்கம் வந்தார். ஆனால் 'விருந்தாளியாக' அல்ல, 'பரிசோதனைக்காக' என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார். அதனால் உள்ளே வராமல் கதிரையை வாசல்படியில் போட்டு, இரண்டு கால்களையும் வெளியில் வைத்து, தலையை மட்டும் உள்ளே திருப்பி உட்கார்ந்தார். சட்டப்படி அவர் அந்த வீட்டுக்கு வரவில்லை.

"தேத்தண்ணி குடிக்கிறயா தம்பி?" என்று மஸாஹிரா கேட்டாள்.

"வேணாம் ராத்தா. பரிசோதனைக்கு வந்த நான்."

முனாஸ் தலைமையுரை ஆற்றினார். விஞ்ஞானம், நீதி, ஆயிரத்து எண்பது கோடுகள் என்று இருபது நிமிடம் போனது. பிறகு டிஸ்க் போடப்பட்டது. நாற்பத்தோராவது நிமிடத்தில் படம் நிறுத்தப்பட்டது. கட்டாரிலிருந்து மருமகன் அனுப்பிய முப்பத்திரண்டு அங்குல டிவியில் சஹன் நிறைந்து நின்றது.

"ஆறு!" என்றார் முனாஸ்.

"அஞ்சுதான் தெரியுது," என்றார் வாசல்படி.

"அந்த ஓரத்துல ஈக்கிறது?"

"அது ஊறுகாய்."

தலைவர் அங்கத்தவர்களைப் பார்த்தார். திருச்செல்வம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெளிவெண்டால் அந்தமாதிரித் தெளிவு, முனாஸ். ஆனா எண்ணிக்கை வேற டிப்பார்ட்மென்ட்."

தாஸிம், தான் விற்பனையாளர் மட்டுமே என்பதை நினைவூட்டினார்.

அந்த நேரம்தான் யோகராஜ், பஸ் சுணங்கியதால் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். படத்தைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். தொழில் பழக்கத்தில் நேரே டிவிக்குப் பின்னால் போய்க் குனிந்தார்.

"அண்ணே, மஞ்ச வயர்லயா குடுத்திருக்கீங்க?"

"பழைய பிளேயர்ட வயர். அது நல்லாத்தானே ஈக்கி?"

"இதுல குடுத்தா சாதாரண படந்தாண்ணே வரும். பொட்டிக்குள்ள தட்டையா ஒரு வயர் இருந்திச்சே, எச்டிஎம்ஐ, அதுல குடுத்தாத்தான் நீங்க சொல்ற தெளிவு. அது எங்க?"

முனாஸ் மனைவியைப் பார்த்தார். மஸாஹிரா உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, நகைப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்தாள். "முனை தங்கக் கலர்ல ஈந்திச்சி. பழசு பழுதானா எடுக்கலாமெண்டு பூட்டி வெச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. திருச்செல்வம் தன் வீட்டு அலுமாரியை நினைத்துக்கொண்டிருந்தார். தாஸிம் கூரையைப் பார்த்தார். கடையில் கூரையோடு ஒட்டியிருந்த டிவியின் பின்னாலும் மஞ்சள் வயர்தான். இத்தனை நாளாகப் பந்தின் தையலையும் மனைவியின் பல்லையும் கண்ட அத்தனை கண்களும் தரையைப் பார்த்தன. 'ஒரு நிமிட மௌனம் அனுஷ்டிக்கப்பட்டது' என்று கூட்டறிக்கை சொல்கிறது.

யோகராஜ் வயரை மாற்றினார். படம் வந்தது. உண்மையில் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது, பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் ஊறுகாய் ஊறுகாயாகவும் கோப்பை கோப்பையாகவும் தெரிந்தன.

"ஒண்டு, ரெண்டு, மூணு..." முனாஸ் திரையை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "...அஞ்சு, ஆறு! ஆறு! எழுதுங்கோ, ஆறு!"

அர்கம் கதிரையை விட்டு எழுந்தார். தன்னையறியாமல் வீட்டுக்குள் நாலடி வந்துவிட்டார். ஆறுதான். ஆனால் அவர் முகத்தில் தோல்வி இல்லை.

"சரி, ஆறு. இனி நிப்பாட்டாம விடுங்கோ மச்சான்."

முனாஸ் அந்த இடத்துக்கு மேல் படத்தை ஓடவிட்டதே இல்லை. எண்ணவேண்டியது அங்கேயே முடிந்துவிடுகிறதே! யோகராஜ் பொத்தானை அழுத்தினார்.

சஹன் அசைந்தது. அர்கமின் கை ஒரு கோப்பையை எடுத்தது. அப்போது கோட்டும் சூட்டுமாக ஒருவர் திரைக்குள் வந்தார். அர்கமின் தோளில் தட்டினார். கையிலிருந்த கோப்பையை மெதுவாக வாங்கினார். கெமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். பிறகு அந்தக் கோப்பையை அடுத்த சஹனில், பிந்தி வந்து உட்கார்ந்திருந்த கந்தோர்ப் பெரியவருக்கு முன்னால், இரண்டு கையாலும் பணிவாக வைத்தார்.

கோட்டுப் போட்டவர் முனாஸ்.

"கோப்பை கொறஞ்சதுக்கா நான் கோவிச்சேன்?" என்றார் அர்கம். "என்ட கையில ஈந்து எடுத்தீங்க, மச்சான். ஒங்கட பெரியவருக்கு முன்னால எனக்கு ஒரு கோப்பை வட்டிலப்பத்துக்குக்கூட மதிப்பில்லண்டு ஆக்கிட்டீங்க. ராத்தாட தம்பி நான். இத எப்பிடி வாயால செல்லுற? வட்டிலப்பம் கிடைக்கல்லண்டு மட்டும் செல்லிட்டு ஈந்தேன்."

முனாஸ் ரிமோட்டை எடுத்து அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. மேலதிகாரிக்குச் செய்வதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் கந்தோரில் யாருக்கும் இருக்கவில்லை.

"பழைய மெசின்ல இது தெரியல்ல, மஸாஹிரா," என்றார் பலவீனமாக.

"பழசுலயும் தெரிஞ்சிச்சி," என்றாள் அவள். "நீங்க வீட்டுல இல்லாத நேரம் முழுசாப் பாத்தீக்கேன். மூணு தரம் ஒங்களுக்கிட்ட செல்லினேன். மூணு தரமும் 'படம் தெளிவில்ல'ண்டீங்க."

முனாஸ் பேனையை மூடி வைத்தார். எழுந்து போய் அர்கமின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அது கூட்டறிக்கையில் இல்லை.

அர்கம் சேட் பையிலிருந்து கசங்கிய கலியாணக் காட் ஒன்றை எடுத்து அக்காவின் கையில் வைத்தார். பத்து நாளாக அது அந்தப் பைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்ததாம். "வாங்கோ மச்சான். ஆனா கோட்டுப் போட்டுட்டு வராதீங்கோ," என்றார். மஸாஹிரா அழுதுகொண்டே தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

மறுநாள், கடையில் தொங்கவிடுவதற்காக முன்பே ஒப்புக்கொண்டிருந்த 'பாவனையாளர் அனுபவ'த்தை முனாஸ் எழுதிக் கொடுத்தார். இயந்திரம் நன்று, விலை மலிவு, குடும்பங்களை ஒன்றுசேர்க்க வல்லது என்று அது போனது. தாஸிம் படித்தார். கடைசி வரியைப் பார்த்ததும், "நானா, இதப் போட்டா எவன் வாங்குவான்?" என்று கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, மீதியைச் சட்டம் போட்டு மாட்டினார். வியாபாரம் இப்போது அமோகம். மஞ்சள் வயர் இன்னும் மாற்றப்படவில்லை.

வெட்டிய துண்டை மஸாஹிரா கேட்டு வாங்கிவந்து, அலுமாரியில் அந்த வயர் இருந்த இடத்தில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். அதில் இருப்பது இவ்வளவுதான்:

'மூன்று வருடமாகத் தெளிவில்லாதிருந்தது படமன்று, கீழே ஒப்பமிட்டவர்.'