தாகம் வந்தது, தாகம் போனது

பீர்ப் புட்டியைத் திறந்தால் நுரை எவ்வளவு உயரம் வரலாம், சொல்லுங்கள் பார்ப்போம்? இரண்டு விரல்கடை என்பது பவாரியாவில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. அஃப்ராவின் சமையலறையிலோ அது கூரையைத் தொட்டுவிட்டு, கொடியில் காய்ந்த குழந்தைத் துணிகள் மேல் சாவகாசமாக இறங்கியது.

இத்தனைக்கும் அவள் வீட்டுப்பீர் காய்ச்சுவதில் கெட்டிக்காரி. கைக்குழந்தையின் ஞானஸ்நான விருந்துக்கென்று நாற்பது புட்டி. நொதித்து அடங்கும்வரை பொறுத்திருந்து, புட்டிகளை வெந்நீரில் அலசி, ஊற்றி, பொங்குவதற்குப் புட்டிக்கொரு சின்னக் கரண்டி சர்க்கரை போட்டு, கம்பி மூடியை அழுத்தி நிமிர்ந்தாள். இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு முன்னால். நிமிர்ந்தபோது வாசலில் நின்றார் வீட்டுப்பீர் மேற்பார்வை அலுவலர் திருவாளர் ஓபர்மயர்.

“சர்க்கரை போடுறத நான் பாக்கணும்மா.”

“போட்டாச்சு சார்.”

“நான் பாக்கலையே.”

“நீங்க பாக்காட்டி இனிக்காதா?”

“பதிவேட்டுல இல்லாத சர்க்கரை புட்டியிலயும் இல்லம்மா.”

அஃப்ரா கணவனைப் பார்த்தாள். வெண்டலின் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, “போட்டுத் தொலை, மனுஷன் கிளம்பட்டும்” என்றான். நாற்பது மூடி திறந்தது, நாற்பது கரண்டி விழுந்தது. ஓபர்மயர் பார்த்தார், பதிந்தார், ஒவ்வொரு மூடிக்கும் காகித முத்திரை ஒட்டினார். “குடிக்கிறதுக்குத் தவிர வேற எதுக்கும் திறக்கக் கூடாது.”

அதன் பலன்தான் வியாழக்கிழமை கூரையில். ஞாயிற்றுக்கிழமை விருந்து. பாதிரியார் அங்கியில் இப்படி அடித்தால் குழந்தைக்குப் பதில் அவருக்கல்லவா ஞானஸ்நானம் ஆகிவிடும்! மற்ற புட்டிகளை நிலவறைக்குக் கொண்டுபோய் ஐஸுக்குள் புதைத்துவிட்டு, ஓபர்மயருக்கு ஆள் அனுப்பினாள்.

“நல்லா குளிர்ந்ததும் மூடியத் தூக்கிக் காத்த விட்டு, திரும்ப மூடணும் சார். ரெண்டு மூணு தரம் செஞ்சா அடங்கிரும். சர்க்கரை ரெண்டு தடவை விழுந்துருச்சுல்ல.”

“பதிவேட்டுல ஒரு தடவைதான் இருக்கு. குழந்தை அழுறதுல புட்டி ஆடியிருக்கலாம்.”

“அவ அழுதா நாங்கதான் ஆடுறோம், புட்டி ஆடல.”

“தலைமையகத்துக்கு எழுதுறேன். அனுமதி திங்கக்கிழமை வந்துரும்.”

அஃப்ரா கொஞ்சம் யோசித்தாள். “சார், குடிக்கிறதுக்குத் திறக்கலாமில்ல?”

“தாராளமா.”

“திறந்த பிறகு தாகம் போயிட்டா?”

ஓபர்மயர் விதிப்புத்தகத்தை முன்னிருந்து பின்னும், பின்னிருந்து முன்னும் புரட்டினார். தாகம் திடீரென்று போவதை எந்த விதியும் தடுக்கவில்லை. “அப்ப மூடி வைக்கலாம்” என்றார் வருத்தத்துடன்.

உடனே அவளுக்குத் தாகம் வந்தது. புட்டியைத் திறந்தாள், புஸ்ஸென்று காற்றுப் போனது, தாகமும் போனது, மூடினாள். ஓபர்மயர் படியில் உட்கார்ந்து, ‘தாகம் வந்தது, தாகம் போனது’ என்று முப்பத்தொன்பது புட்டிக்கும் மும்மூன்று தரம் எழுதிக் கையெழுத்திட்டார்.

“இவ்வளவு தாகத்த வச்சுக்கிட்டு எப்படிடி என்னைக் கட்டிக்கிட்ட?” என்றான் வெண்டலின்.

“அதான் உடனே போயிருதுல்ல.”

ஞாயிறன்று நுரை சரியாக இரண்டு விரல்கடை. பாதிரியார் மூன்றாவது புட்டிக்குக் கை நீட்டினார். ‘இம்முன்னேற்றம் முழுக்க முழுக்க மேற்பார்வையின் பயனே’ என்று அறிக்கை போனது. அஃப்ராவின் பீர் ருசிக்குக் காரணம் இரட்டைச் சர்க்கரைதான் என்று ஊரே முடிவு கட்டி, வீட்டுக்கு வீடு இரண்டு கரண்டி போட்டது. போடாதவர்களை நாகரிகம் தெரியாதவர்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் ஒரு காலை, ஓபர்மயர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். தலைமுடியில் நுரை காய்ந்திருந்தது.

“நானும் வீட்டுல காய்ச்சினேன்மா. குடிமகனா ஒரு கரண்டி போட்டேன், அப்புறம் அலுவலரா என் முன்னால ஒரு கரண்டி.”

“முத்திரையும் ஒட்டிட்டீங்களா சார்?”

அவர் தலை குனிந்தார்.

“எனக்குத் தாகமே வரமாட்டேங்குதும்மா, பாத்தாலே பயமா இருக்கு. நீங்க கொஞ்சம் வீட்டுக்கு வந்து தாகமா இருந்துட்டுப் போறீங்களா?”